கையடக்க எக்கோ: ராமநாதபுரம் கடற்கரை ஐ.சி.யூ.வுக்கு வாங்கலாமா?

கையடக்க எக்கோவை, அதாவது கையில் எடுத்துப்போகும் இதய அல்ட்ராசவுண்ட் கருவியை, வாங்கலாம். எதற்காக வாங்குகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். "இது ஒன்று இருந்தால் வென்டிலேட்டரில் இருப்பவர் பிழைப்பாரா மாட்டாரா என்று சொல்லிவிடலாம் சார்" என்று விற்க வருகிறவர் சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். கடுமையான ஏ.ஆர்.டி.எஸ்.ஸில் (நுரையீரல் இரண்டும் வீங்கி ஆக்சிஜன் ஏறாமல் போகும் நிலை) வலது இதயம் தாக்குப்பிடிக்கிறதா, திணறுகிறதா என்பதை இந்தக் கருவி காட்டும். அது தெரிந்தால் மூன்று முடிவுகள் மாறும்: வென்டிலேட்டரை எப்படி வைப்பது, எப்போது குப்புறப் படுக்க வைப்பது, மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு எப்போது அனுப்புவது. அந்த மூன்றுக்காக வாங்கினால் போட்ட காசு வீண்போகாது.

இங்கே எடைபோடுவது, கம்பி வழியாக டேப்லெட்டில் செருகும் செக்டார் புரோப் வகை. 1 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். பி-மோடு (சாதாரண அசையும் படம்), எம்-மோடு (ஒரே கோட்டில் அசைவு), கலர், பல்ஸ்டு டாப்ளர் (ரத்தம் ஓடும் திசை, வேகம்) இருக்கும். கம்பியில்லாத வகை, ஒரே தலையால் உடம்பு முழுக்கப் பார்க்கும் சிப் வகை, சக்கரம் வைத்த பெரிய மிஷின் ஆகிய மூன்றும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு. கம்பெனிப் பெயர்கள் வேண்டாம். மாடல் வருஷா வருஷம் மாறும், இதயத்தின் ஜன்னல்கள், அதாவது ஒலி உள்ளே போய் இதயம் தெரியும் இடங்கள், மாறாது.

முதலில் நோய். 1967-ல் 12 நோயாளிகளை வைத்து முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்த நிலைக்கு 2012-ல் பெர்லின் வரையறை வந்தது. ஒரு வாரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளை படர்ந்திருக்க வேண்டும். இதயம் பழுதானது மட்டுமே காரணமாக இருக்கக் கூடாது. பீப் (மூச்சு வெளியே போன பிறகும் வென்டிலேட்டர் உள்ளே நிறுத்திவைக்கும் அழுத்தம்) 5 அல்லது அதற்கு மேல் வைத்தும் பி/எஃப் விகிதம் (ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை, கொடுக்கும் ஆக்சிஜனின் பங்கால் வகுத்தது) 300-க்குள் இருக்க வேண்டும். 100-ம் அதற்குக் கீழும் என்றால் கடுமையானது. கணக்கு எளிது: ஏ.பி.ஜி. எனும் தமனி ரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜன் 62, வென்டிலேட்டரில் 80 சதவீத ஆக்சிஜன் என்றால் 62-ஐ 0.8-ஆல் வகுக்க, 78 வரும். 50 நாடுகளில் நடந்து 2016-ல் வெளியான பெரிய ஆய்வில் கடுமையான பிரிவில் இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார்கள்.

நம் கரையில் இது வரும் வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. மழைக்குப் பிறகு ஸ்க்ரப் டைபஸ் எனும் உண்ணிக் காய்ச்சல், எலிக்காய்ச்சல், டெங்கு. ஆண்டு முழுக்க நிமோனியா. கடலில் விழுந்து உப்புத்தண்ணீர் நுரையீரலுக்குப் போய் மீட்கப்பட்டவர்கள், பூச்சிமருந்து குடித்து வாந்தி புரையேறியவர்கள். எல்லோருக்கும் எக்ஸ்ரே ஒன்றுபோலத்தான் இருக்கும். கருவியின் முதல் வேலை அங்கேதான் தொடங்குகிறது, அதைப் பிறகு பார்ப்போம்.

வலது இதயம் ஏன்? நுரையீரல் வீங்கி, சிறு குழாய்களில் ரத்தம் உறைந்து, ஆக்சிஜன் குறைந்து, கார்பன் டை ஆக்சைடு ஏறினால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுகும். அதற்கு மேல் வென்டிலேட்டர் காற்றைத் தள்ளும்போது மிச்சமிருக்கும் குழாய்களும் நசுங்கும். வலது வென்ட்ரிக்கிள் (வலது கீழறை) மெல்லிய சுவர் கொண்ட அறை. ரத்தத்தின் அளவு கூடினால் தாங்கும், அழுத்தம் கூடினால் தாங்காது. உப்பிப் பெருத்து, நடுச்சுவரை இடது பக்கம் தள்ளும். இடது அறை நிரம்ப இடமில்லாமல் பி.பி. விழும். மானிட்டரில் தெரிவது பி.பி. விழுவது மட்டும்தான். "செப்சிஸ், ஃப்ளூயிட் ஓட்டு" என்று அரை லிட்டர் ஏற்றினால், ஏற்கெனவே பெருத்த அறை இன்னும் பெருக்கும். இதைத் தடுப்பதற்காகவே ஒரு கருவி வாங்கலாம் என்றால் மிகையில்லை.

இதற்கு அக்யூட் கோர் பல்மனேல் என்று பெயர். வலது அறையின் பரப்பு இடது அறையின் பரப்பில் 0.6-க்கு மேல் இருந்து, நடுச்சுவரும் சுருங்கும் நேரத்தின் முடிவில் இடது பக்கம் தள்ளப்பட்டால் அந்தப் பெயர். வலது அறை இடதுக்குச் சமமாகவோ பெரிதாகவோ ஆகிவிட்டால் கடுமையானது. 2016-ல் பிரான்ஸில் 752 நோயாளிகளில், முதல் மூன்று நாட்களுக்குள் தொண்டை வழியே எக்கோ செய்து பார்த்தார்கள். 22 சதவீதம் பேருக்கு இது இருந்தது. 7 சதவீதம் பேருக்குக் கடுமையாக இருந்தது. விற்பனைத் தாளில் வராத விஷயம் இனிமேல்தான். வெறுமனே கோர் பல்மனேல் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இறப்பில் வித்தியாசம் வரவில்லை. கடுமையாக இருந்தவர்களில் மட்டும் 57 சதவீதம், மற்றவர்களில் 42. லேசாகப் பெருத்த வலது அறையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து உறவினரிடம் தலையசைப்பது தவறு. இரண்டு அறையும் சமமாகிவிட்டதைப் பார்த்தும் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது அதைவிடப் பெரிய தவறு.

அதே ஆய்வில் புரோப் இல்லாமலே போடக்கூடிய ஒரு மதிப்பெண்ணும் வந்தது. காரணம் நிமோனியா என்றால் 1. டிரைவிங் பிரஷர் (காற்று உள்ளே போய் நின்றதும் இருக்கும் பிளாட்டோ அழுத்தத்தில் பீப்பைக் கழித்தது) 18 அல்லது அதற்கு மேல் என்றால் 1. பி/எஃப் 150-க்குக் கீழ் என்றால் 1. கார்பன் டை ஆக்சைடு 48 அல்லது அதற்கு மேல் என்றால் 1. மேலே சொன்ன நோயாளிக்கே போட்டுப் பாருங்கள். நிமோனியா, 1. பிளாட்டோ 30, பீப் 10, கழித்தால் 20, இன்னொரு 1. பி/எஃப் 78, இன்னொரு 1. கார்பன் டை ஆக்சைடு 56, இன்னொரு 1. மொத்தம் 4. இந்த மதிப்பெண்ணில் நான்கு பேரில் மூன்று பேருக்கு, சரியாகச் சொன்னால் 74 சதவீதத்துக்கு, கோர் பல்மனேல் இருந்தது. மூன்றுக்கு 34, இரண்டுக்கு 19. ஆக, கருவியை எல்லார் நெஞ்சிலும் வைத்துத் தேய்க்க வேண்டியதில்லை. மதிப்பெண் இரண்டைத் தொட்டால் எடுங்கள். வாங்க இன்னும் பணம் சேராத ஆஸ்பத்திரியும் இந்தக் கணக்கை இன்றைக்கே போடலாம், செலவில்லை.

இனி கருவி கையில். வென்டிலேட்டர் நோயாளியின் நெஞ்சில் எக்கோ எடுப்பது, வெளிநோயாளிப் பிரிவில் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கும் ஆளுக்கு எடுப்பது போலில்லை. பீப் 12-ல் நுரையீரல் இதயத்தின் மேல் வந்து மூடிக்கொள்ளும். காற்றுக்குள் ஒலி போகாது, திரை முழுக்கச் சாம்பல் மூட்டம். பழக்கத்தில் நெஞ்செலும்பின் இடது ஓரத்தில் தொடங்கிப் பத்து நிமிடம் தேடிவிட்டு "வியூ வரல" என்று மூடிவைப்பதுதான் பெரும்பாலான இடங்களில் நடப்பது. தொடங்க வேண்டிய இடம் தொப்புளுக்கு மேலே, நெஞ்செலும்பு முடியும் வயிற்றுக்குழி. முழங்காலுக்கு அடியில் ஒரு போர்வையைச் சுருட்டி வைத்தால் வயிற்றுத் தசை தளரும். ஜெல்லைத் தாராளமாக வையுங்கள். புரோப்பை மேலிருந்து பிடித்துத் தட்டையாகச் சாய்த்து, குறி நோயாளியின் இடது பக்கம் இருக்க, இடது தோளை நோக்கிப் பாருங்கள். ஆழம் 16 செ.மீ.யில் தொடங்கலாம். கல்லீரலை ஜன்னலாக வைத்துக்கொண்டு நான்கு அறைகளும் வரும். வயிறு காற்றால் உப்பியிருந்தால் வராது. மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூபைத் திறந்து காற்றை வடியவிட்டு மறுபடி பாருங்கள்.

அங்கிருந்து புரோப்பை எடுக்காமல் இடஞ்சுழியாகத் திருப்பினால் பெரிய சிரை. அது வலது ஏட்ரியத்துக்குள் (வலது மேலறை) போய்த் திறப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே அதைச் சிரை என்று சொல்லுங்கள். பக்கத்தில் துடிக்கும் தமனியைச் சிரை என்று அளந்துவைத்த குறிப்புகள் ஏராளம். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு அதன் அகலத்தை வைத்து ஃப்ளூயிட் முடிவு எடுக்கக் கூடாது. அதிக பீப்பிலும், வலது இதயம் திணறும்போதும் அது எப்படியும் பருத்துத்தான் இருக்கும்.

அடுத்து மார்பின் இடது ஓரத்தில் குறுக்கு வெட்டு. இங்கேதான் அந்தப் புகழ்பெற்ற "டி" வடிவம். இடது வென்ட்ரிக்கிள் நல்ல நாணயம்போல வட்டமாக இருக்க வேண்டும். வலது பக்க அழுத்தம் ஏறினால், சுருங்கி முடியும் நொடியில் நடுச்சுவர் தட்டையாகிப் பாதி நாணயம்போல ஆகும். விரியும்போது மட்டும் தட்டையாகிச் சுருங்கும்போது வட்டமானால், அது அழுத்தத்தைவிட ரத்தத்தின் அளவு கூடியதன் அடையாளம். கையடக்கக் கருவிகளில் பெரும்பாலானவற்றில் ஈ.சி.ஜி. கம்பி கிடையாது. அதனால் எது சுருங்கும் நொடி என்பதைப் படத்தை உறையவைத்து, ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தி, இடது பக்கத்து மைட்ரல் வால்வு மூடுவதையும் திறப்பதையும் வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். நாடித்துடிப்பு 130 ஓடும்போது இது பொறுமையைச் சோதிக்கும். புரோப் சாய்ந்து வெட்டினாலும் வட்டம் நீள்வட்டமாகி, போலி "டி" ஒன்று தோன்றும். இடது அறைக்குள் இருக்கும் பாப்பில்லரி தசைகள் இரண்டும் சமமாகத் தெரிகிற மட்டத்தில் நிறுத்திப் பாருங்கள். இல்லாவிட்டால் பார்த்ததாகவே எழுதாதீர்கள்.

கடைசியாக இதயத்தின் நுனி. நோயாளியை இடது பக்கம் 20, 30 டிகிரி சாய்க்க, வலது முதுகுக்கு அடியில் மடித்த படுக்கை விரிப்பு போதும். ஈ.சி.ஜி. ஸ்டிக்கர் வழியில் இருந்தால் முதலிலேயே சிஸ்டரிடம் சொல்லி மாற்றி ஒட்டிவிடுங்கள். பாதியில் பிய்த்தால் அலாரம் அடித்து எல்லோரும் ஓடிவருவார்கள். நான்கு அறையும் வந்ததும் வலது அறை முழுக்கத் தெரியுமாறு புரோப்பைக் கொஞ்சம் வெளிப்பக்கம் நகர்த்துங்கள். நுனி வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டுப்பட்டால் இடது அறை குட்டையாகி, வலது அறை பொய்யாகப் பெரிதாகத் தெரியும். இரண்டு அறையின் உட்பக்கத்தையும் விரிந்து முடிந்த நொடியில் கோடு போட்டு விகிதம் எடுங்கள். சின்னத் திரையில் விரலால் கோடு போடுவது மகா அவஸ்தை. எழுதுகோல் வேலை செய்யும் டேப்லெட்டாக வாங்கினால் இந்த ஒரு காரணத்துக்காகவே உங்களை நீங்களே மெச்சிக்கொள்ளலாம்.

டாப்ஸி என்பது வலது பக்கத்து டிரைகஸ்பிட் வால்வு வளையத்தின் வெளி ஓரம் ஒவ்வொரு துடிப்புக்கும் நுனியை நோக்கி எவ்வளவு நகர்கிறது என்பது. எம்-மோடு கோடு அந்த ஓரத்தின் வழியே போக வேண்டும். அலையின் அடியிலிருந்து முகடு வரை அளக்க வேண்டும். மூச்சை வெளியே விட்டு முடிந்த நேரத்தில், மூன்று துடிப்புகளின் சராசரி. நாடி ஒழுங்கில்லாமல் இருந்தால் ஐந்து. 17 மி.மீ.க்குக் குறைந்தால் வலது இதயம் பலவீனம். கோடு சாய்ந்தால் அளவு குறைத்துக் காட்டும். பழகிய கைக்கு இது ஒரு நிமிட வேலை, கருவியின் திறனுக்கும் பொருத்தமான வேலை. எல்லா விற்பனையாளரும் முதலில் காட்டுவதும் இதைத்தான்.

ஆனால் டாப்ஸியை மட்டும் நம்பி ஏமாறுவதும் அதிகம். நீளவாக்கில் நகர்வது மட்டும்தான் அதில் தெரியும். ஏ.ஆர்.டி.எஸ்.ஸில் வலது அறை பெருத்து, குறுக்குவாட்டில் சுருங்குவது படுத்துவிட்ட பிறகும் டாப்ஸி 19, 20 என்று நன்றாகவே இருக்கும். பி.பி.யை ஏற்றும் நார்அட்ரினலின் ஓடும்போது இன்னும் அழகாக இருக்கும். அளவைவிட உருவத்தை நம்புங்கள். அறை பெருத்திருக்கிறது, நடுச்சுவர் தட்டையாகிவிட்டது, சி.வி.பி. (பெரிய சிரையின் அழுத்தம்) ஏறியிருக்கிறது என்றால் டாப்ஸி 20 என்பது ஆறுதல் இல்லை. பரப்பு எவ்வளவு சதவீதம் சுருங்குகிறது என்று பார்த்தால் 35-க்குக் கீழ் மோசம். திசு டாப்ளர் இருக்கும் கருவியில் வளையத்தின் வேகம் நொடிக்கு 9.5 செ.மீ.க்குக் குறைந்தால் மோசம்.

இந்த வகைக் கருவியின் பெரிய குறை அழுத்தத்தை அளக்க முடியாதது. டிரைகஸ்பிட் வால்வு கசியும் வேகம் நொடிக்கு 3 மீட்டர் என்றால் நான்கு தரம் ஒன்பது, 36 மி.மீ.; அதோடு வலது ஏட்ரியத்தின் அழுத்தத்தைக் கூட்டினால் நுரையீரல் தமனி அழுத்தம் கிடைக்கும். அந்த வேகத்தைப் பிடிக்கத் தொடர் அலை டாப்ளர் வேண்டும். பெரும்பாலான கையடக்கக் கருவிகளில் அது இல்லை. பல்ஸ்டு டாப்ளரை வைத்து முயன்றால் அலை மடங்கி மேலும் கீழுமாகக் குழம்பும், அதில் எடுத்த எண் எதற்கும் உதவாது. மாற்று வழி ஒன்று இருக்கிறது. வலது அறையிலிருந்து நுரையீரல் தமனிக்குள் ரத்தம் பாயும் அலையைப் பல்ஸ்டு டாப்ளரில் எடுங்கள். முகட்டைத் தொடும் நேரம் 100 மில்லிசெகண்டுக்குக் குறைந்தால், அல்லது அலையின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தால், நுரையீரல் பக்கத் தடை கூடியிருக்கிறது. எண் கிடைக்காது, திசை கிடைக்கும். பெரிய மிஷினில் எடுத்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம்: வலது இதயம் முழுசாகக் களைத்துவிட்டால் கசிவின் வேகம் குறைந்துவிடும். நேற்று 55, இன்று 38 என்பது எப்போதும் முன்னேற்றம் ஆகாது.

இனி முதலில் விட்டுவந்த விஷயம். எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளை, மூச்சுத் திணறல், காய்ச்சல். ஏ.ஆர்.டி.எஸ். என்று எழுதிவிட்டார்கள். மார்பின் இடது ஓரத்தில் நீளவாட்டு வெட்டு எடுத்து மைட்ரல் வால்வைப் பாருங்கள். முன் இதழ் வளைந்து ஹாக்கி மட்டைபோல நின்றால், அது சிறு வயது ருமாட்டிக் காய்ச்சலின் மிச்சம். நுரையீரலில் நிற்பது வால்வு சுருங்கியதால் தேங்கிய நீர். இளம் பெண்களிடம், அதிலும் கர்ப்பிணிகளிடம், இதைத் தவறவிட்டால் அடுத்த நாள் சிகிச்சையே திசை மாறிப் போகும். இடது வென்ட்ரிக்கிள் அசையாமல் கிடந்தால் மாரடைப்போ, ஸ்க்ரப் டைபஸில் இதயத்தசை அழற்சியோ. இதற்கெல்லாம் எந்த அளவும் வேண்டாம், கண் போதும். இந்த ஒரு பார்வையில் கையடக்கக் கருவிக்கும் பெரிய மிஷினுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முழு மதிப்பெண் தரலாம்.

வலது அறை பெரிதாக இருப்பதெல்லாம் புதிதாக வந்ததும் இல்லை. நாற்பது வருஷம் பீடி, விறகடுப்புப் புகை, என்றோ குணமான காசநோய் விட்டுப்போன தழும்பு நுரையீரல் என்று வருகிறவருக்கு வலது இதயம் முன்பே பருத்திருக்கும். வயிற்றுக்குழி வெட்டில் வலது அறையின் சுவரை அளந்து பாருங்கள். 5 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் பழையது. மெல்லிய சுவரோடு திடீரென உப்பியிருந்தால் புதியது, அப்போது நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்ற கேள்வியும் எழ வேண்டும். கையடக்கக் கருவி அந்தக் கேள்வியை எழுப்பும், பதில் சொல்லாது. பதிலுக்கு சி.டி. வேண்டும்.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் கருவி தன் விலையைத் திருப்பிக் கொடுக்கிறது. வலது இதயம் திணறுகிறது என்று தெரிந்தால் முதலில் பிளாட்டோவை 27, 28-க்குள்ளும், டிரைவிங் பிரஷரை 18-க்குக் கீழும் கொண்டுவாருங்கள். டைடல் வால்யூம் (ஒரு மூச்சுக்குத் தள்ளும் காற்று) கிலோவுக்கு 6 மி.லி., உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடைக்கு. அதைக் குறைத்தால் கார்பன் டை ஆக்சைடு ஏறும், ஏறினால் வலது இதயத்துக்கு மறுபடி சுமை. இந்த இழுபறியில் கை வைக்க எளிய இடம் ஒன்று உண்டு: தொண்டையில் போட்ட டியூபுக்கும், வென்டிலேட்டரின் இரண்டு குழாய்களும் சேரும் ஒய் இணைப்புக்கும் நடுவே இருக்கும் ஈரப்பத ஃபில்டர், அதோடு நீளமான வளைகுழாய். இரண்டையும் எடுத்துவிட்டு, சூடுபடுத்தும் ஹ்யூமிடிஃபையர் போட்டால் வீணாகும் காற்றிடம் குறைந்து, வால்யூமைத் தொடாமலே கார்பன் டை ஆக்சைடு இறங்கும். மூச்சு எண்ணிக்கையைக் கண்மூடித்தனமாக ஏற்றினால் காற்று உள்ளே சிக்கி நிலைமை மோசமாகும். வெளிமூச்சு அலை பூஜ்யத்தைத் தொடுகிறதா என்று வென்டிலேட்டர் திரையில் பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள்.

அடுத்தது குப்புறப் படுக்க வைப்பது. பி/எஃப் 150-க்குக் கீழ் இருந்தவர்களை ஒரு தடவைக்கு 16 மணி நேரமாவது குப்புற வைத்த 2013-ஆம் ஆண்டு ஆய்வில் 28 நாள் இறப்பு 32.8-லிருந்து 16 சதவீதத்துக்கு இறங்கியது. வலது இதயத்துக்கும் இது நல்லது. நுரையீரல் சீராக விரிந்து அழுத்தம் இறங்கும். குப்புறப் படுத்திருப்பவருக்கும் எக்கோ எடுக்கலாம். இடது கையை நீச்சலடிப்பவர்போல மேலே மடக்கி வைத்து, காற்று மெத்தையின் அந்தப் பகுதியைத் தளர்த்தி, புரோப்பைப் பக்கவாட்டிலிருந்து உள்ளே நுழைத்தால் நுனி வெட்டு கிடைக்கும். கம்பியுள்ள மெல்லிய புரோப் இங்கே ஜெயிக்கிறது. கம்பியில்லாத வகையில் பேட்டரியும் தலைக்குள்ளேயே இருப்பதால் பருமன் அதிகம், மெத்தைக்கும் விலாவுக்கும் இடையே நுழையாது.

ஒரே ஒரு எக்கோவை வைத்து எதையும் முன்கணிக்க வேண்டாம். காலை ஒன்று, வென்டிலேட்டரை மாற்றிய பிறகு ஒன்று, குப்புறப் போட்டுத் திருப்பிய பிறகு ஒன்று. சரிசெய்த பிறகும் 24, 48 மணி நேரத்தில் வலது அறை சுருங்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். கேஸ் ஷீட்டில் எக்கோ எண் மட்டும் எழுதினால் பயனில்லை. இப்படி எழுதினால் அடுத்த டியூட்டி டாக்டருக்கு உதவும்: "காலை 6.40. பீப் 12, பிளாட்டோ 28, கார்பன் டை ஆக்சைடு 52, நார்அட் 0.15. வயிற்றுக்குழி வியூ நன்று, நுனி சுமார், குறுக்கு வெட்டு வரவில்லை. வலது/இடது 0.8. நடுச்சுவர் வயிற்றுக்குழி வியூவில் தள்ளுகிறது. டாப்ஸி 15. இடது நன்றாக அடிக்கிறது." வராத வியூவை வரவில்லை என்று எழுதுவது முக்கியம். எழுதாவிட்டால், பார்த்து நார்மல் என்று விட்டதாகவே அடுத்தவர் எடுத்துக்கொள்வார்.

மதுரைக்கு அனுப்புவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறத்தாழ 55 கி.மீ., அங்கிருந்து மதுரை இன்னும் 110 கி.மீ.க்கு மேல். வலது இதயம் இன்னும் தாங்கும்போதே அனுப்ப வேண்டும். இரண்டு அறையும் சமமாகி நார்அட்ரினலின் ஏறிக்கொண்டே போகும் ஆளை முதலில் குப்புறப் போட்டு நிலைப்படுத்தாமல் வண்டியில் ஏற்றினால் பார்த்திபனூர் தாண்டுமா என்பது சந்தேகம். ஆக்சிஜன் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். வென்டிலேட்டர் நிமிடத்துக்கு 12 லிட்டர் எடுத்தால் இரண்டரை மணி நேரத்துக்கு 1,800 லிட்டர். பி டைப் சிலிண்டரில் ஏறத்தாழ 1,500 லிட்டர்தான் இருக்கும். வழியில் வண்டி நின்றாலும் தாங்க வேண்டும் என்றால் மூன்று பி டைப், அல்லது 7,000 லிட்டர் கொள்ளும் ஒரு டி டைப். மூக்கு வழி ஹை ஃப்ளோவில் நிமிடத்துக்கு 60 லிட்டர் என்றால் 9,000 லிட்டர். அந்த ஆளை ஹை ஃப்ளோவிலேயே அனுப்பும் யோசனையை அங்கேயே விட்டுவிடலாம்.

கருவியின் உடம்பைப் பற்றி. பத்துப் பதினைந்து நிமிடம் தொடர்ந்து ஓடினால் தலை சூடாகி, படம் மங்கி, தானே நின்றுவிடும் வகைகள் உண்டு. தேவையான காட்சியைப் பதிவுசெய்துவிட்டு உறையவைத்து அளப்பவருக்கு இது தொந்தரவில்லை. கற்றுக்கொள்கிறவருக்கு எரிச்சல். அதைவிடப் பெரிய எதிரி கடற்காற்று. மண்டபம், பாம்பன், தொண்டி என்று கரையை ஒட்டிய கட்டடங்களில் ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதைப் பார்த்தாலே தெரியும். டேப்லெட்டின் சார்ஜ் துளையும் புரோப் கம்பியின் முனையும் முதலில் பச்சை பூத்துக் கெடும் இடங்கள். பயன்படுத்தாத நேரத்தில் மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். குளிர்ந்த ஐ.சி.யூ.விலிருந்து வெளியே புழுக்கத்துக்குக் கொண்டுபோனால் வியர்த்துவிடும். துடைத்து, கால் மணி நேரம் விட்டு, பிறகு செருகுங்கள். சுத்தம் செய்ய, கையேட்டில் அனுமதித்த துடைப்பான் மட்டும். கையில் கிடைத்த ஸ்பிரிட்டை ஊற்றித் துடைத்தால் லென்ஸ் ரப்பர் வெடிக்கும், உத்தரவாதமும் போகும். துடைக்காமல் அடுத்த படுக்கைக்குப் போனால் கிருமியும் கூடவே போகும்.

வாங்கும்போது டெமோவை, கூட வந்த ஒல்லிப் பையன் நெஞ்சில் காட்ட விடாதீர்கள். எந்தக் கருவியிலும் அவன் இதயம் அழகாகத்தான் தெரியும். பீப் 10-க்கு மேல் இருக்கும், பருமனான நோயாளியின் வயிற்றுக்குழியில், உறவினரிடம் சொல்லி அனுமதி வாங்கி, காட்டச் சொல்லுங்கள். சிப் வகை ஒற்றைத் தலை நுரையீரல், வயிறு, ரத்தக்குழாய்க்கெல்லாம் வசதி. விலா எலும்புகளுக்கு இடையே நுழையும் சின்ன முகம் இல்லாததால் இதயத்துக்குச் செக்டார்தான் தோது. மென்பொருளுக்கு வருடச் சந்தா உண்டா, கட்டாவிட்டால் எம்-மோடும் டாப்ளரும் பூட்டிக்கொள்ளுமா என்று எழுத்தில் கேளுங்கள். புரோப் கீழே விழுந்தால் மாற்றுக் கருவி எத்தனை நாளில் இந்த ஊருக்கு வரும் என்றும் கேளுங்கள். பெரிய மிஷின் ஏற்கெனவே இருக்கிறதென்றால் அதை ஐ.சி.யூ.வுக்கு உருட்டி வர வழி செய்வது முதல் வேலை. அதில் ஈ.சி.ஜி.யும் தொடர் அலை டாப்ளரும் இருக்கும். ஐந்துக்கு மதிப்பெண் கேட்டால்: இடது இதயக் கோளாறைப் பிரித்தறிய ஐந்து, வலது இதயத்தைத் தொடர்ந்து கண்காணிக்க நான்கு, நுரையீரல் அழுத்தத்துக்கு ஒன்று, பிழைப்பாரா என்ற கேள்விக்கு இரண்டு. அந்த இரண்டும் மற்ற அளவுகளோடு சேர்த்துப் பார்க்கும் கைக்குத்தான். மேற்பார்வையில் முப்பது பேருக்காவது எடுத்துப் பழகாத கைக்கு எதுவும் இல்லை.

ஒரு சட்ட விஷயம், பலர் கோட்டைவிடுவது. இதயத்துக்கு மட்டும்தான், சட்டைப்பையில் வைக்கும் பொருள்தான் என்றாலும் இது அல்ட்ராசவுண்ட். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். பதிவு இல்லாத இடத்துக்குக் கம்பெனி விற்கவே கூடாது. கையில் எடுத்துப்போகும் கருவிகளை, பதிவான ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்கும், பல சேவைகளோடு இயங்கும் நடமாடும் மருத்துவ ஊர்தியிலும் மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2012-ல் விதி திருத்தப்பட்டது. காலையில் கீழக்கரை, மாலையில் ஏர்வாடி என்று பையில் போட்டுக்கொண்டு சுற்றும் டாக்டர், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு போனாலும், சோதனையில் மாட்டினால் கருவி சீல் வைக்கப்படும். ஆர்டர் போடும் முன்பே பதிவுச் சான்றிதழில் இந்தக் கருவியின் மாடலையும் வரிசை எண்ணையும் சேர்க்க விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள், டெமோ கருவியை ராத்திரி தங்க விடாதீர்கள்.